கூட்டணி ஆட்சியில் தொழிலாளர் சட்டம்: பேரம் பேசியவர்களும் விலை கொடுத்தவர்களும்

"கூட்டணி ஆட்சி வந்தாலே பொருளாதாரச் சீர்திருத்தம் முடங்கிவிடும், அதிலும் தொழிலாளர் சட்டத்தில் கைவைக்கவே முடியாது என்கிறார்களே, இது எவ்வளவு தூரம் உண்மை?" இதுதான் கேள்வி. 2024-ல் மத்தியில் மறுபடியும் கூட்டணி ஆட்சி வந்ததிலிருந்து இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது.

சுருக்கமாகச் சொன்னால், பாதி உண்மை. எந்த மாற்றம் முன்வாசல் வழியாக வரும், எது கொல்லைப்புறமாக வரும் என்பதைக் கூட்டணி தீர்மானிக்கிறது. வரி, இறக்குமதி, தொலைபேசி, இன்ஷூரன்ஸ் எல்லாம் முன்வாசலில் வந்தன. தொழிலாளர் விஷயத்தில் வந்தது ஏறக்குறைய எல்லாமே கொல்லைப்புறம்தான். அதற்கு விலை கொடுத்தவர்கள், பேச்சுவார்த்தையில் தங்களுக்கென்று ஓர் ஆள்கூட இல்லாத ஒப்பந்தத் தொழிலாளர்கள். இதைத்தான் விரிவாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில், எல்லோரும் குறைசொல்கிற அந்தச் சட்டப் பிரிவு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். 1947-ம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் ஐந்து-பி என்றொரு அத்தியாயம் இருந்தது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் வேலை செய்யும் ஆலையில் ஆட்குறைப்பு செய்யவோ, லே-ஆஃப் (தற்காலிகமாக வேலை தராமல் நிறுத்துவது) கொடுக்கவோ, ஆலையையே மூடவோ அரசிடம் முன்அனுமதி வாங்க வேண்டும் என்றது அது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல் வந்தது. அப்போது வரம்பு 300 பேர். 1982-ல் அதை 100 ஆகக் குறைத்துத் திருத்தினார்கள். 1984-ல் நடைமுறைக்கு வந்தது. இரண்டுமே இந்திரா காந்தியின் தனிப்பெரும்பான்மை ஆட்சியில் நடந்தவை. முதலாளிகள் சங்கங்கள் நாற்பது வருஷமாகப் புலம்பிய இந்தப் பிரிவைக் கொண்டுவந்ததில் எந்தக் கூட்டணிக் கட்சிக்கும் பங்கு கிடையாது. நம் மதுரை மீனாட்சி மில் வழக்கில்தான் 1992-ல் உச்ச நீதிமன்றம், ஆட்குறைப்புக்கு அனுமதி கேட்கும் பிரிவு அரசியல் சட்டப்படி செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. ஆக, சட்டம் போட்டது தனிப்பெரும்பான்மை, உறுதிசெய்தது நீதிமன்றம்.

இன்னொரு பக்கம் 1991-ஐப் பாருங்கள். நரசிம்ம ராவ் அரசுக்கு அறுதிப் பெரும்பான்மையே இல்லை. அந்த ஆண்டு ஜூலை 24 அன்று, மன்மோகன் சிங் பட்ஜெட் வாசித்த அதே நாளில், பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் முறையையே ஒழித்துவிட்டார்கள். சுதந்திர இந்தியாவின் மிகப் பெரிய பொருளாதார மாற்றத்தைச் செய்தது ஒரு சிறுபான்மை அரசு. ஆனால் அவர்களும் தொழிலாளர் சட்டத்தைத் தொடவில்லை. பதிலுக்கு தேசியப் புதுப்பிப்பு நிதி என்று ஒன்றை ஏற்படுத்தி, பொதுத்துறை ஊழியர்களுக்குப் பணம் கொடுத்து விருப்ப ஓய்வில் அனுப்பினார்கள். விஆர்எஸ் என்ற சொல் வீட்டுக்கு வீடு பழகியது அதற்குப் பிறகுதான்.

ஏன் இந்த வித்தியாசம்? இறக்குமதி வரியைக் குறைத்தால் பாதிக்கப்படப் போகிறவர் யார் என்பது அவருக்கே இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரியும். ஆட்குறைப்புச் சட்டத்தைத் தளர்த்தினால் பாதிக்கப்படப் போகிறவருக்கு அன்று சாயங்காலமே தெரிந்துவிடும். அவருக்கு சங்கம் இருக்கிறது, வாயிற்கூட்டம் இருக்கிறது, அந்தச் சங்கத்துக்கு ஒரு கட்சி இருக்கிறது, அந்தக் கட்சிக்கு மக்களவையில் சில இடங்கள் இருக்கின்றன. அரசு நிற்பதே அந்தச் சில இடங்களை நம்பி என்றால் மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

1996-ல் வந்த ஐக்கிய முன்னணியில் 13 கட்சிகள். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் இந்திரஜித் குப்தா உள்துறை அமைச்சர். அதே அமைச்சரவையில் இருந்த தமிழ் மாநில காங்கிரஸின் ப.சிதம்பரம்தான் 1997 பிப்ரவரியில், இன்றும் 'கனவு பட்ஜெட்' என்று பேசப்படும் அந்த பட்ஜெட்டைப் போட்டார். தனிநபர் வருமான வரியின் உச்ச விகிதம் 40 சதவீதத்திலிருந்து 30 ஆனது. கம்யூனிஸ்ட் கட்சி அமைச்சரவையிலேயே இருந்தும் அது நிறைவேறியது. அதே ஆண்டு இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை மசோதாவை மட்டும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இடதுசாரிகள் எதிர்த்தார்கள், வெளிநாட்டுக் கம்பெனி வரக்கூடாது என்று பாஜகவும் எதிர்த்தது. இரண்டு வருஷம் கழித்து அதே பாஜக, கூட்டணி அரசின் தலைமையில் உட்கார்ந்துகொண்டு, 26 சதவீத அந்நிய முதலீட்டோடு இன்ஷூரன்ஸைத் திறந்துவிட்டது. கொள்கையைவிட எந்தப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதுதான் இங்கே முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, தொழிலாளர் சட்டத்துக்கு வருவோம். கூட்டணி அரசு ஒன்று நேரடியாகவே இதில் கைவைக்கப் பார்த்தது ஒரே ஒரு முறைதான். 2001 பட்ஜெட் உரையில் வாஜ்பாய் அரசின் நிதியமைச்சர் யஷ்வந்த் சின்ஹா, முன்அனுமதிக்கான வரம்பு 100-லிருந்து 1000 ஆக உயரும் என்று அறிவித்தார். அதற்கு ஈடாக, வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் என்றிருந்த இழப்பீடு 45 நாளாகும் என்றார். ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தையும் தளர்த்துவோம் என்றார். பேரமாகப் பார்த்தால் மோசமான பேரம் இல்லை. வேலைப் பாதுகாப்பைக் கொஞ்சம் விட்டுக்கொடு, கையில் மூன்று மடங்கு பணம் வாங்கிக்கொள் என்பதுதான் சாராம்சம். பங்குச் சந்தை கொண்டாடியது. மசோதா சட்டமாகவே இல்லை.

கூட்டணிக் கட்சிகள்தான் கெடுத்தன என்று எழுதுகிறவர்கள் உண்டு. முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. மாநிலங்களவையில் அந்த அரசுக்குப் பெரும்பான்மை இல்லை. அதோடு, உள்ளுக்குள்ளேயே பலமான எதிர்ப்பு. பாஜகவின் சொந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பாரதிய மஸ்தூர் சங்கம் தெருவில் இறங்கியது. ரவீந்திர வர்மா தலைமையிலான இரண்டாவது தேசியத் தொழிலாளர் ஆணையம் 2002-ல் அறிக்கை கொடுத்தது. பல சட்டங்களை ஒன்றாகத் தொகுக்கலாம் என்ற யோசனைக்கு வேர் அதில்தான் இருக்கிறது. அறிக்கை அலமாரிக்குப் போனது.

ஆனால் அதே 2001-ல் இரண்டு காரியங்கள் நடந்தன. மார்ச்சில் பால்கோ என்ற அரசு அலுமினிய நிறுவனத்தின் 51 சதவீதப் பங்குகள் தனியார் நிறுவனமான ஸ்டெர்லைட்டுக்குப் போயின. ஆலை இருந்த கோர்பாவில் தொழிலாளர்கள் இரண்டு மாதத்துக்கு மேல் ஸ்டிரைக் நடத்தினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இது அரசின் கொள்கை முடிவு, நாங்கள் தலையிட மாட்டோம் என்றது நீதிமன்றம். இரண்டாவது காரியம் இதைவிடப் பெரியது, பத்திரிகைகளில் இதைவிடச் சின்னதாக வந்தது. ஆகஸ்ட் 30 அன்று, செயில் எனப்படும் இந்திய உருக்கு ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பு வழங்கியது. ஒரு வேலையில் ஒப்பந்தத் தொழிலாளர் முறை ஒழிக்கப்பட்டால், அந்தத் தொழிலாளர்கள் தானாகவே நிறுவனத்தின் நிரந்தர ஊழியர்களாகிவிடுவார்கள் என்று 1996-ல் ஏர் இந்தியா வழக்கில் சொல்லியிருந்தார்கள். அது தவறு, அப்படி எந்த உரிமையும் சட்டத்தில் இல்லை என்றது 2001 தீர்ப்பு. கூட்டணிக்குள் பேசி முடிக்க முடியாததில் பாதியை நீதிமன்றம் ஒரே நாளில் முடித்துவைத்தது. எந்தக் கட்சியும் கையெழுத்துப் போடவில்லை, எந்தக் கட்சிக்கும் ஓட்டுப் போகவில்லை.

2003 கடைசியில் இன்னொன்று. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஆள் எடுக்கலாம் என்று ஆலைகளின் வேலை நிபந்தனைகளைச் சொல்லும் நிலையாணை விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. விதியைத் திருத்தப் பாராளுமன்றம் கூடவேண்டிய அவசியம் இல்லை, அரசிதழில் வந்தால் போதும். 2007-ல் அடுத்த கூட்டணி அரசு அதைத் திரும்பப் பெற்றது. 2018-ல் அடுத்து வந்த அரசு எல்லாத் தொழில்களுக்குமாகத் திரும்பக் கொண்டுவந்தது. ஒரு தலைமுறைத் தொழிலாளர்களின் வேலை நிலையை வைத்து இப்படி மூன்று முறை மாற்றி மாற்றி ஆடியதை எத்தனை பேர் கவனித்தார்கள்?

இப்போது நெய்வேலிக்கு வருகிறேன். இந்தக் கேள்விக்கான பதில் முழுவதும் ஒரே ஊரில் கிடைக்கும் என்றால் அது நெய்வேலிதான்.

2004-ல் வந்த ஐக்கிய முற்போக்குக் கூட்டணியில் காங்கிரஸுக்கு 145 இடங்கள். வெளியிலிருந்து தாங்கிப் பிடித்த இடதுசாரிகளுக்கு சுமார் 60. எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட குறைந்தபட்ச பொதுச் செயல்திட்டத்தில், லாபத்தில் ஓடும் பொதுத்துறை நிறுவனங்கள் பொதுவாகத் தனியாரிடம் போகாது என்றும், நினைத்தபோது ஆளை எடுத்து நினைத்தபோது அனுப்பும் முறையை ஏற்கமாட்டோம் என்றும் எழுதிவைத்தார்கள். 2005-ல் மின் சாதனங்கள் செய்யும் பொதுத்துறை நிறுவனமான பெல்லின் பத்து சதவீதப் பங்கை விற்கப் போனபோது, இடதுசாரிகள் ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களுக்கே வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். விற்பனை நின்றது. அதுவரை, முட்டுக்கட்டை போடுகிறவர்கள் இடதுசாரிகள் மட்டும்தான் என்று டில்லி நினைத்துக்கொண்டிருந்தது.

2006 ஜூனில் மத்திய அமைச்சரவைக் குழு, நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்எல்சி, அலுமினிய நிறுவனமான நால்கோ இரண்டிலும் பத்துப் பத்து சதவீதப் பங்குகளை விற்க ஒப்புதல் கொடுத்தது. என்எல்சியில் அப்போது மத்திய அரசின் பங்கு 93.56 சதவீதம். பத்து சதவீதம் விற்றாலும் நிர்வாகம் கைமாறாது, யாருக்கும் வேலை போகாது. கணக்குப் பார்த்தால் சாதாரண விஷயம். நெய்வேலியில் அதை யாரும் அப்படிப் பார்க்கவில்லை. நிலம் கொடுத்த கிராமங்களின் மேல் எழுந்த ஊர் அது. இன்றைக்குப் பத்து, நாளைக்கு ஐம்பத்தொன்று என்றுதான் எல்லோரும் கணக்குப் போட்டார்கள். பால்கோ எல்லோருக்கும் ஞாபகத்தில் இருந்தது. நெய்வேலியில் திமுகவின் தொமுச உண்டு, அதிமுகவின் அண்ணா தொழிற்சங்கம் உண்டு, மார்க்சிஸ்ட் கட்சியின் சிஐடியு உண்டு, பாமகவின் பாட்டாளி தொழிற்சங்கமும் உண்டு. இந்தக் கட்சிகளில் திமுகவும் பாமகவும் மத்திய அமைச்சரவையிலேயே இருந்தன. ஒரு சங்கம் கொஞ்சம் இறங்கிப் பேசினால் அடுத்த சங்கம் அதை வைத்தே அங்கீகாரத் தேர்தலில் ஜெயித்துவிடும். அதனால் யாரும் இறங்கிப் பேச முடியாது.

கருணாநிதியின் நிலையையும் பார்க்க வேண்டும். 2006 மே மாதம்தான் ஆட்சிக்கு வந்திருந்தார். சட்டமன்றத்தில் திமுகவுக்கு 96 இடங்கள்; 34 இடங்கள் வைத்திருந்த காங்கிரஸ் வெளியிலிருந்து ஆதரவு தந்ததால்தான் கோட்டையில் அவர் ஆட்சி நின்றது. மக்களவையில் திமுகவின் 16 பேர் இருந்ததால் டில்லியில் மன்மோகன் சிங் ஆட்சி நின்றது. ஒருவர் குடுமி இன்னொருவர் கையில். இப்படி இருக்கும்போது யார் முதலில் விட்டுக்கொடுப்பார்? பங்கு விற்பனை நடக்காவிட்டால் யாருக்கு நஷ்டம் குறைவோ அவர். டில்லிக்கு அது கஜானாவுக்கு வரவேண்டிய ஒரு தொகை மட்டும்தான். கருணாநிதிக்கு அது கடலூர் மாவட்டம். தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், மத்திய ஆட்சியில் நீடிப்பது பற்றி யோசிக்க வேண்டிவரும் என்று திமுக சொன்னது, ஜூலை 6 அன்று பிரதமர் என்எல்சியை மட்டும் அல்ல, எல்லாப் பங்கு விற்பனைத் திட்டங்களையும் நிறுத்திவைத்தார். இடதுசாரிகள் இரண்டு வருஷமாக மாரடித்தும் நடக்காதது, ஒரே வாரத்தில் நடந்தது.

கூட்டணி எப்படிச் சீர்திருத்தத்தைக் கெடுக்கிறது என்பதற்கு இந்தக் கதையைப் பலரும் சொல்வார்கள். ஆனால் 2013 வரை போய்ப் பாருங்கள். பட்டியலிடப்பட்ட அரசு நிறுவனங்களில் பொதுமக்களிடம் குறைந்தது பத்து சதவீதப் பங்கு இருக்க வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான செபி கெடு வைத்தது. என்எல்சியில் 3.56 சதவீதம் விற்றாக வேண்டும். இப்போது மாநிலத்தில் ஜெயலலிதா. மத்தியக் கூட்டணியில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை, மிரட்ட அவரிடம் ஓட்டும் இல்லை. ஜூலையில் தொழிலாளர்கள் மறுபடியும் ஸ்டிரைக். கடைசியில் அந்த 3.56 சதவீதத்தையும் டிட்கோ, சிப்காட் உள்ளிட்ட தமிழக அரசு நிறுவனங்களே சுமார் 358 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டன. செபி விதியும் நிறைவேறியது, மத்திய அரசுக்குப் பணமும் வந்தது, பங்கும் தனியாரிடம் போகவில்லை. கூட்டணி மிரட்டல் இல்லாமலே அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. நிறுத்தியது நெய்வேலி, கூட்டணி அதற்கு 2006-ல் கிடைத்த வழி, அவ்வளவுதான்.

ஆனால் அந்த வெற்றிக்குள் நுழைய முடியாத ஒரு கூட்டம் அதே சுரங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்கள். நிரந்தரத் தொழிலாளர் பக்கத்திலேயே நின்று, பல இடங்களில் அதே வேலையை, அவர் வாங்கும் சம்பளத்தில் ஒரு சிறு பகுதிக்குச் செய்தவர்கள். பணி நிரந்தரம் கேட்டும் ஊதிய உயர்வு கேட்டும் 2010-ல் நீண்ட வேலைநிறுத்தம் நடத்தினார்கள், 2012-ல் இன்னொன்று. அவற்றுக்காக டில்லியில் எந்த ஆதரவும் வாபஸ் ஆகவில்லை. 2010-ல் திமுக மத்திய அமைச்சரவையில்தான் இருந்தது.

இது நெய்வேலியின் கதை மட்டும் இல்லை. ஒழுங்கமைக்கப்பட்ட ஆலைகளில் வேலை செய்வோரில் 2000-ம் ஆண்டுவாக்கில் ஐந்தில் ஒருவர் ஒப்பந்தத் தொழிலாளர். பத்து வருஷத்தில் மூன்றில் ஒருவர். இப்போது ஐந்தில் இரண்டு பேர். மத்திய அரசின் ஆண்டுத் தொழில் கணக்கெடுப்பே இதைச் சொல்கிறது. 1000 என்ற வரம்பு சட்டமாகாமல் போனதில் நிரந்தரத் தொழிலாளர் ஜெயித்தார். ஆனால் நிரந்தரம் என்ற இடமே ஒவ்வொருவர் ஓய்வு பெறும்போதும் ஒன்றொன்றாகக் காலியாகிக்கொண்டு வந்தது.

எப்படி நடக்கிறது என்று தொழிற்பேட்டைப் பக்கம் போனால் தெரியும். 1970-ம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் காண்ட்ராக்டருக்குத்தான் லைசென்ஸ் கேட்டது. ஆகவே தோட்ட வேலைக்கு ஒரு காண்ட்ராக்டர், லோடிங்குக்கு ஒருவர், பேக்கிங்குக்கு ஒருவர் என்று காகிதத்தில் பிரித்துவிடுவார்கள். ஒவ்வொருவரிடமும் 18 பேர், 19 பேர். உண்மையில் எல்லோரும் ஒரே ஷெட்டுக்குள், ஒரே லைனில், ஒரே சூப்பர்வைசரின் கீழ் நிற்பார்கள். வருஷக் கடைசியில் காண்ட்ராக்டர் பெயர் மாறும், கேட் பாஸ் மாறும், ஆள் மாறமாட்டார். பணிமூப்பு மட்டும் அழிந்து முதல் வருஷமாக மாறும். ஐந்து வருஷம் முடித்தால்தானே பணிக்கொடை? இப்படி இருந்தால் பத்து வருஷம் ஆனாலும் ஐந்து வருஷம் முடியாது. இந்த வேலைகளைச் செய்ய எந்தக் கட்சியின் சம்மதமும் தேவைப்படவில்லை.

அப்படியானால் கூட்டணிப் பேரத்தில் உழைப்பாளிகளுக்குக் கிடைத்தது ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, பெரியதும் உண்டு. நூறு நாள் வேலைத் திட்டம் 2005-ல் சட்டமானது இடதுசாரிகள் வெளியிலிருந்து அழுத்தியதால்தான் என்று நான் நினைக்கிறேன். குறைந்தபட்சம், அந்த அளவுக்கு உரிமையாக எழுதப்பட்டது அதனால்தான். 2006 பிப்ரவரியில் 200 மாவட்டங்களில் தொடங்கியது. கிராமத்துக் கூலி கூடியது, அதை வயல்காரர்கள் இன்றும் குறைசொல்கிறார்கள் என்பதே அது வேலை செய்ததற்குச் சாட்சி. தகவல் உரிமைச் சட்டமும் அந்தக் காலத்தில் வந்ததுதான். இந்தப் பேரத்தில் ஒரு கணக்கு இருந்தது. பங்கு விற்பனை, பென்ஷன் நிதி, இன்ஷூரன்ஸ் அந்நிய முதலீட்டு வரம்பு போன்றவை நின்றன. நூறு நாள் வேலை வந்தது. நடுவில் இருந்த ஆலைத் தொழிலாளர் சட்டம் அசையாமல் கிடந்தது. அப்புறம் 2008-ல் இடதுசாரிகள் வெளியேறியது தொழிலாளர் பிரச்சினைக்காக அல்ல, அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்துக்காக. ஓய்வூதிய நிதி ஒழுங்குமுறைச் சட்டம் 2013-ல்தான் நிறைவேற முடிந்தது.

மம்தாவையும் சொல்லாமல் விட முடியாது. 2012 மார்ச்சில் அவர் கட்சியின் ரயில்வே அமைச்சர் தினேஷ் திரிவேதி, பல வருஷம் கழித்துக் கட்டணத்தை உயர்த்தினார், கிலோமீட்டருக்குச் சில பைசா. பட்ஜெட் வாசித்து நான்கு நாளில் சொந்தக் கட்சியே அவரை ராஜினாமா செய்ய வைத்தது. சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடு என்ற முடிவு 2011 நவம்பரில் அறிவித்து டிசம்பரில் நிறுத்தப்பட்டது; 2012 செப்டம்பரில் மறுபடி அறிவித்ததும் மம்தா வெளியேறினார். மக்களவை வாக்கெடுப்பில் அரசு தப்பியது, திமுக அந்த முடிவை எதிர்த்துக்கொண்டே அரசுக்கு வாக்களித்தது. எந்தெந்த மாநிலம் விரும்புகிறதோ அங்கே மட்டும் என்று எழுதி, சீர்திருத்தத்தைப் பாதியாக்கித்தான் அது நிறைவேறியது. கூட்டணியில் பொதுவாக நடப்பது இந்தப் பாதியாக்கல்தான்.

வெளிநாட்டில் இதைக் கொஞ்சம் ஒழுங்காகச் செய்கிறார்கள். ஜெர்மனியில் 2013 தேர்தலுக்குப் பிறகு மெர்கலின் கட்சியும் சமூக ஜனநாயகக் கட்சியும் வாரக்கணக்கில் உட்கார்ந்து எழுத்தில் ஒப்பந்தம் போட்டன. நாடு முழுவதற்கும் ஒரே குறைந்தபட்சக் கூலி என்பதை மெர்கல் தரப்பு விரும்பவில்லை. அது இல்லாமல் ஆட்சியில் சேரமாட்டோம் என்றது மறுதரப்பு. 2015 ஜனவரி முதல் மணிக்கு 8.50 யூரோ என்று முடிவானது. வரி உயர்வு கேட்டிருந்த சமூக ஜனநாயகக் கட்சி அதை விட்டுக்கொடுத்தது. எது எதற்கு ஈடு என்பது ஊருக்கே தெரியும், கட்சி உறுப்பினர்களே அந்த ஒப்பந்தத்துக்கு வாக்களித்தார்கள். நம் ஊரில் செயல்திட்டம் ஒரு காகிதம். உண்மையான பேரம் நெருக்கடி வரும்போது போனில் நடக்கும்.

சரி, தனிப்பெரும்பான்மை வந்த பிறகாவது வேகமாக நடந்ததா? 2014-ல் பாஜகவுக்கு மட்டுமே 282 இடங்கள். நிலம் கையகப்படுத்தும் சட்டத்தைத் திருத்த அவசரச் சட்டம் போட்டார்கள், திரும்பத் திரும்பப் போட்டார்கள், 2015 ஆகஸ்ட் கடைசியில் காலாவதியாக விட்டுவிட்டார்கள். வேளாண் சட்டங்கள் 2020-ல் நிறைவேறி, டில்லி எல்லையில் விவசாயிகள் ஒரு வருஷம் உட்கார்ந்த பிறகு 2021 நவம்பரில் வாபஸ். 29 சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கிய தொழிலாளர் சட்டங்கள்: ஊதியத் தொகுப்பு 2019-ல், மற்ற மூன்றும் 2020 செப்டம்பரில். ஆட்குறைப்பு வரம்பு 300. அதாவது நெருக்கடி நிலைக் காலத்து எண்ணுக்கே திரும்பிவிட்டோம். ஆனால் பெரும்பான்மை கையில் இருந்த நான்கு வருஷமும் அந்தத் தொகுப்புகள் நடைமுறைக்கு வரவில்லை. தொழிலாளர் விவகாரம் பொதுப்பட்டியலில் இருக்கிறது, மாநிலங்கள் விதிகள் வகுக்க வேண்டும், சங்கங்கள் எதிர்த்தன, தேர்தல் வந்தது. நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 21 அன்று. அப்போது பாஜகவுக்கு 240 இடங்கள்தான். தெலுங்கு தேசமும் ஐக்கிய ஜனதா தளமும் தாங்கிப் பிடிக்கும் கூட்டணி ஆட்சி. கூட்டணி என்றால் முடக்கம் என்கிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை.

கூட்டாளி யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சந்திரபாபு நாயுடுவுக்கு ஆட்குறைப்புச் சட்டத்தில் எந்த ஆட்சேபமும் இல்லை; அவருடைய அரசே 2025-ல் தினசரி வேலை நேரத்தைப் பத்து மணியாக்க முடிவெடுத்தது. ஆனால் விசாகப்பட்டினம் உருக்காலை என்றால் கதை வேறு. 2021 ஜனவரியில், தனிப்பெரும்பான்மை இருந்தபோது, அந்த ஆலையை முழுவதுமாக விற்க மத்திய அரசு முடிவு செய்தது. 2025 ஜனவரியில், நாயுடுவின் 16 எம்.பி.க்கள் தேவைப்பட்ட காலத்தில், அதே ஆலைக்கு 11,440 கோடி ரூபாய் புத்துயிர்த் திட்டம் அறிவித்தது. நெய்வேலியின் அச்சு அசல். அடுத்த காட்சியும் அதேதான்: ஆலை பிழைத்தது, அந்த வருஷமே ஒப்பந்தத் தொழிலாளர்கள் குறைக்கப்பட்டார்கள், அவர்கள் வாசலில் போராட்டம் நடத்தினார்கள்.

மாநிலத்துக்குள்ளேயும் ஒன்று பார்த்தோம். 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. திமுகவுக்கு அப்போது சொந்தமாகவே 130-க்கு மேல் இடங்கள். கணக்குக்குக் கூட்டணி தேவையே இல்லை. கம்யூனிஸ்ட்டுகள், விசிக, காங்கிரஸ் எல்லோரும் வெளிநடப்பு செய்தார்கள், தொமுசவும் எதிர்த்தது. மூன்று நாளில் நிறுத்திவைப்பு, மே தினத்தன்று முழு வாபஸ். அடுத்த வருஷம் மக்களவைத் தேர்தல். ஓட்டுக் கூட்டணி சட்டமன்றக் கணக்கைவிடக் கனமானது என்பதை அந்தப் பத்து நாள் காட்டியது. இதற்கு நேர்மாறு 2003-ல் நடந்தது. வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களை ஒரே வீச்சில் வேலையை விட்டு நீக்கியது ஜெயலலிதா அரசு. சட்டமன்றத்தில் யாரும் கேட்கமுடியாத பலம், உச்ச நீதிமன்றமும் வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல என்றது. 2004 தேர்தலில் ஒரு தொகுதிகூடக் கிடைக்கவில்லை. அதன் பிறகு நடவடிக்கைகளை அவரே திரும்பப் பெற்றார். கூட்டாளி நிறுத்தியிருந்தால் பத்து நாளில் முடிந்திருக்கும்.

ஆக, உங்கள் கேள்விக்கு: கூட்டணியைப் பார்த்து, இது நடக்கும், இது நடக்காது என்று சொல்ல வேண்டுமானால் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். பாதிக்கப்படுகிறவர்கள் ஒரே ஊரில் சேர்ந்து இருக்கிறார்களா. அந்த ஊர் எந்தக் கூட்டணிக் கட்சியின் ஊர். அவர்கள் நிரந்தரத் தொழிலாளர்களா, ஒப்பந்தமா. மூன்றாவதற்கான பதில் 'ஒப்பந்தம்' என்றால் முதல் இரண்டைப் பார்க்கவே வேண்டாம்.

புதிய தொகுப்புகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 100-லிருந்து 300 ஆனதைப் பற்றித்தான் டிவியில் விவாதம். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அதில் வேறொரு எண் இருக்கிறது: காண்ட்ராக்டருக்கு லைசென்ஸ் கேட்கும் வரம்பு 20-லிருந்து 50 ஆகிவிட்டது. ஆலையின் முக்கிய வேலைகளில் ஒப்பந்த ஆட்களை வைக்கக்கூடாது என்ற தடை எழுத்தில் உண்டு, விதிவிலக்குகளும் உண்டு. காகிதத்தில் 18, 19 என்று பிரித்தவர்கள் இனி 48, 49 என்று பிரிக்கலாம். இந்த மசோதாக்கள் மக்களவையிலும் மாநிலங்களவையிலும் நிறைவேறியது 2020 செப்டம்பர் 22, 23 தேதிகளில். அந்த மாதம் கூட்டணியில் ஒரு பெரிய உடைப்பு நடந்தது. வேளாண் சட்டங்களை எதிர்த்து அகாலி தளத்தின் ஹர்சிம்ரத் கௌர் பாதல் 17-ம் தேதி அமைச்சர் பதவியை விட்டார், 26-ம் தேதி கட்சியே வெளியேறியது. இடையில் நிறைவேறிய இந்த 50 என்ற எண்ணுக்காக எந்தக் கூட்டாளியும் ஆதரவை வாபஸ் வாங்குவதாகச் சொல்லவில்லை.